பரவிய கண் புற்றுநோய்: காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். எலும்பு மஜ்ஜைக்கும் பரவியிருக்கிறதாம், மூளையில் இல்லை. கீமோ, பிறகு ஸ்டெம் செல் சிகிச்சை என்கிறார்கள். கூகலில் சில மாதம்தான் என்று போட்டிருக்கிறது. முடி கொட்டுகிறது, சாப்பிட மறுக்கிறான். செயற்கைக் கண் பொருந்துமா? பப்பாளி இலைச் சாறு தரலாமா? பிள்ளையை வீணாக வதைக்கிறோமா? கைக்குழந்தையும் இருக்கிறாள். - ஈசூனிலிருந்து ஒரு தாய்

பதில்: வீணாக வதைக்கவில்லை அம்மா. உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது 'மூளையில் இல்லை' என்பதைத்தான். மூளைக்கோ தண்டுவடத் திரவத்துக்கோ போய்விட்டால் இந்த நோயைக் குணப்படுத்துவது மிகக் கடினம், அதை மறைக்க மாட்டேன். மஜ்ஜையோடு நின்றிருந்தால் குணமாக்கத்தான் மருத்துவம் செய்கிறோம். கடுமையான கீமோவில் மஜ்ஜையிலிருந்து புற்றணுக்களை விரட்டி, பிள்ளையின் சொந்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை, எடுத்து உறையவைத்து, அப்புறம் மஜ்ஜை தாங்காத அளவுக்கு மருந்தை ஏற்றி, அந்தச் செல்களைத் திரும்பச் செலுத்துவார்கள். உங்கள் மகனைப் போல மூளைக்குப் பரவாமல் இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்திருக்கிறார்கள். கூகலை மூடிவையுங்கள், சந்தேகத்தை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

முடி முளைக்கும். செயற்கைக் கண் பொருந்தும், வளர வளர மாற்றுவார்கள். எடை இறங்கினால் தாதியிடம் சொல்லுங்கள். பப்பாளி இலை வேண்டவே வேண்டாம், யார் சொன்னாலும் சரி.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: காய்ச்சல். கீமோவில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும்போது சாதாரணக் கிருமிகூடச் சில மணி நேரத்தில் ரத்தமெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். 38 டிகிரி தொட்டால், பனடோல் கொடுத்துப் பார்ப்போம், காலையில் பலதுறை மருந்தகம் போவோம் என்று இருந்துவிடாதீர்கள். பனடோல் சூட்டைத்தான் இறக்கும், கிருமி உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டேயிருக்கும். நடுநிசி இரண்டு மணியானாலும் டாக்சி பிடித்து அவனுக்குச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், வாசலிலேயே 'கீமோ பிள்ளை, காய்ச்சல்' என்று சொல்லுங்கள், வரிசையில் உட்காராதீர்கள். சூடே இல்லாமல் நடுங்கினாலும் துவண்டு கிடந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

அப்புறம் கைக்குழந்தை. இந்த நோய் மரபணு வழியாகவும் வரும் என்பதால் அவள் கண்ணையும் சொட்டு மருந்து விட்டு விரித்து, விழித்திரை வரை பார்க்க வேண்டும். மகனுக்கு இந்த நோயோடு தொடர்புள்ள ஆர்பி1 மரபணுவைப் பரிசோதித்த முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், அவள் கண் பரிசோதனைக்கு இந்த வாரமே நேரம் கேட்டு வாங்குங்கள்.