ஜீப்பில் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? – கேள்வி பதில்

குமுளியில் இருந்து உளவியல் டீச்சர் எழுதுகிறேன். கம்பம், வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: டீச்சர், கம்பத்துல இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஒரே ஜீப்புல 16 பேர் போறோம். மேட்டுல டிரைவர் போன் பேசிக்கிட்டே வளைக்கிறார். எல்லாருக்கும் உசுரு பதறுது, ஆனா ஒருத்தியும் பேசுறதில்ல. நாங்க கோழைங்களா?

பதில்: இல்லம்மா. நானும் அப்படிப்பட்ட ஜீப்பில் போயிருக்கிறேன். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கும். கண் மட்டும் மடியில் இருக்கும் தூக்குவாளியை விட்டு நகராது. பக்கத்தில் இருப்பவள் அந்த விரலைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறாள். 'இவளே பயப்படவில்லை, நான் ஏன் கத்த வேண்டும்?' என்று நினைக்கிறாள். நீங்களும் அவளைப் பார்த்து அதையேதான் நினைக்கிறீர்கள்.

1968-ல் அமெரிக்காவில் லாட்டனே, டார்லி என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஆட்கள் படிவம் எழுதிக்கொண்டிருந்த அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். புகையைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி சொல்லி வைத்த இரண்டு பேரோடு உட்கார்ந்தவர்களில் சொன்னது 10 சதவீதம் பேர்தான். மற்றவர்கள் கண் எரிய எரிய எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டால், தீ என்று நினைக்கவில்லை, நீராவியாக இருக்கும் என்றார்கள்.

அதனால் மேட்டில் வைத்துத் தைரியம் தேடாதீர்கள். ஜீப் கிளம்பும் முன்பே ஒருத்தியிடம், "நான் வாயத் தொறந்தா நீயும் தொற" என்று பேசி வையுங்கள். கோடுகளின் நீளத்தைச் சொல்லச் சொன்ன ஆஷ் என்பவரின் சோதனையில், கூட இருந்த எல்லோரும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தப்போடு ஒத்துப்போனது. சரியாகச் சொல்ல ஒரே ஒரு ஆள் துணை இருந்தாலே அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கேள்வி: மகன் வீட்டில் அருமையாகப் பேசுகிறான், மேடை ஏறினால் மறந்துவிடுகிறான்.

பதில்: ஊறிப்போன வேலை நாலு பேர் முன்னால் இன்னும் நன்றாக வரும், அரைகுறையாகப் படிந்தது சொதப்பும். 1965-ல் சயான்ஸ் என்பவர் சொன்ன விளக்கம் இது. இன்னும் பத்து தடவை, இந்த முறை பாட்டி, சித்தி எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: டீச்சர், கங்காணி சொன்னாருன்னு முகமூடி இல்லாம மருந்து அடிச்சேன். ராத்திரி பூரா தலைவலி. ஏன் மாட்டேன்னு சொல்ல வரல?

பதில்: முதலில் டாக்டரைப் பாருங்கள் தம்பி, என்ன மருந்து என்று டப்பாவையும் காட்டுங்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-ல் மில்கிராம் என்ற உளவியலாளர் தொடங்கிய சோதனையில், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்கச் சொன்னார்கள். நிஜத்தில் கரண்ட் பாயவில்லை, கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். கொடுமைக்காரர்கள் இல்லை, பலர் வியர்த்து நடுங்கிக்கொண்டேதான் செய்தார்கள். வேறொரு சுற்றில், கூட இருந்த இருவர் (மில்கிராம் ஏற்பாடு செய்தவர்கள்) "இனி மாட்டோம்" என்று விலகினார்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4 பேர்.

உங்கள் பக்கத்து வரிசையில் அடிப்பவருக்கும் ராத்திரி தலை வலித்திருக்கும். நாளைக்குப் பம்பைத் தோளில் மாட்டும் முன் அவரிடம் கேளுங்கள்: "உனக்கும் வலிச்சுதா? வா, ரெண்டு பேரும் சேர்ந்து முகமூடி கேப்போம்."