உருண்டு புரண்ட குதிரை: காரணம் தெரியாத வயிற்று வலி

கேள்வி: அந்தியூர் குதிரைச் சந்தையில் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கத்தியவார் பெண் குதிரை, வயது ஏழு. பத்து நாளைக்கு முன் சாயங்காலம் கொள்ளைத் தொடவில்லை. முன்காலால் தரையைக் கீறியது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்து உருண்டது. உடம்பெல்லாம் வேர்வை. டாக்டர் ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் செலுத்தினார். நள்ளிரவில் லத்தி போட்டது. காலையில் எதுவும் நடக்காத மாதிரி நின்றது. ரத்தப் பரிசோதனையிலும் குறை இல்லை. "இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது" என்கிறார் டாக்டர். மழைக்குப் பிறகு கோ-4 என்ற தீவனப் புல் செழிப்பாக இருப்பதால் தீவனத்துக்குக் குறைவில்லை. கண்ணேறு என்கிறார்கள் சிலர். அடுத்த முறை விளக்கெண்ணெய் ஊற்றி ஓட விடு என்கிறார்கள் வேறு சிலர். ராத்திரி மணிக்கொரு தரம் லாயத்துக்குப் போகிறேன். படுத்திருந்தால் பயந்து எழுப்பி விடுகிறேன். மறுபடி வருமா? எப்போது ஏறி ஓட்டலாம்?
(கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில், படுத்திருக்கும் குதிரையை எழுப்புவதை இன்றோடு விடுங்கள். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது அது படுத்தாக வேண்டும். அமைதியாகப் படுத்திருப்பது நோய் அல்ல. படுப்பதும் எழுவதுமாக அலைந்தால், உருண்டால், வயிற்றைக் காலால் உதைத்தால்தான் கவலை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை பாருங்கள், போதும். அதுவும் தூங்கட்டும், நீங்களும் தூங்குங்கள்.

உங்கள் டாக்டர் கைவிரித்ததாக நினைக்க வேண்டாம். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சின்னது. அதன் வாசலில் உள்ள தசை இறுக மூடிக்கொள்வதால் வாந்தி எடுக்கவும் முடியாது. பெருங்குடலோ மிக நீளமானது, இடுப்புப் பக்கம் போய் மடங்கித் திரும்புகிறது. அந்த மடிப்பில் வழி குறுகுவதால் தீவனம் அடைத்துக்கொள்வது சகஜம். குடலின் பெரும்பகுதி இறுகக் கட்டப்படாமல் இருப்பதால் காற்று நிறைந்தால் இடம் மாறவும் செய்யும். காற்று கலைந்து, இழுத்துப் பிடித்த தசை தளர்ந்துவிட்டால் தடயமே மிஞ்சாது. மறுநாள் ரத்தத்தில் தேடி என்ன கிடைக்கும்? இப்படி வந்து, எளிய சிகிச்சையிலேயே சரியாகிவிடும் வயிற்று வலிதான் அதிகம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. கோ-4 புல். உலர்ந்த சோளத்தட்டிலிருந்து பச்சைக்கு எத்தனை நாளில் மாற்றினீர்கள்? இரண்டு மூன்று நாளில் என்றால் என் சந்தேகம் அதன்மேல்தான். பெருங்குடலில் நார்ச்சத்தைச் செரிப்பது நுண்ணுயிர்கள். புதுத் தீவனத்துக்கு அவை பழக ஒரு வாரம், பத்து நாளாவது வேண்டும். இப்போதே பச்சையைக் குறைத்துத் தட்டைக் கூட்டுங்கள். பிறகு நாளுக்குக் கொஞ்சமாகப் பச்சையை ஏற்றுங்கள். மழையென்று லாயத்திலேயே கட்டிப்போட்டிருந்தீர்கள் என்றால் அதுவும் சேர்ந்திருக்கும். இது என் ஊகம், தீர்ப்பு இல்லை.

லத்தியைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் புழு முட்டை உண்டா என்று பாருங்கள். வீட்டிலேயே இரண்டு கைப்பிடி லத்தியைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள். அடியில் மணல் படிந்தால், தரையில் போட்ட தீவனத்தோடு மணலும் உள்ளே போகிறது என்று அர்த்தம். தொட்டியில் வைக்கத் தொடங்குங்கள். பல்லையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

மறுபடி வருமா? வரலாம். எந்த டாக்டரும் வராது என்று எழுதித் தர மாட்டார். உங்கள் கையில் இருப்பது, நன்றாக இருக்கும் நாளில் அதன் கணக்கைத் தெரிந்துகொள்வது. இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் கையை வைத்தால் இதயத் துடிப்பு தெரியும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஒரு வாரம் காலையில் பார்த்து லாயத்துச் சுவரிலேயே எழுதி வையுங்கள். வலியோடு துடிப்பு 60-ஐத் தாண்டினால், ஈறு செங்கல் நிறமோ ஊதாவோ ஆனால், ஊசி போட்ட பிறகும் வலி திரும்பினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வண்டி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும் 1962 எண்ணும் கையில் இருக்கட்டும்.

கண்ணேறு கழிப்பதாக இருந்தால் கழியுங்கள், குதிரைக்கு ஒன்றும் ஆகாது. விளக்கெண்ணெய் விஷயம் அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குதிரையைப் பார்க்கப் போனேன். வயிற்று வலிக்காக மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். வலி அன்றைக்கே தணிந்தது, ஆனால் எண்ணெய் நுரையீரலுக்குப் போயிருந்தது. நான்காம் நாள் செத்தது. உங்கள் டாக்டர் குழாய் விட்டது அது வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு. அதை நீங்கள் வாய்வழி செய்ய வேண்டாம். வலி ஊசியையும் நீங்களாகப் போடாதீர்கள், டாக்டர் வரும்போது நிலைமை மறைந்திருக்கும்.

ஓட விடுவதும் தப்பு. வலி வந்தால் தீவனத்தை எடுத்துவிட்டு, உருளப் பார்த்தால் மட்டும் மெதுவாக நடத்துங்கள். அமைதியாக நின்றால் நிற்கட்டும்.

ஏறி ஓட்டுவதைக் கேட்டிருந்தீர்கள். நாளை முதல் கால் மணி நேரம் கையில் பிடித்து நடத்துங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். லத்திப் பரிசோதனை முடிவு வந்து, உங்கள் டாக்டர் ஒருமுறை வயிற்றில் காது வைத்துக் கேட்டுச் சரி என்ற பிறகு சேணம் போடலாம்.