வலுக்குறைந்த கைகளுக்கு எந்தக் கைத்துப்பாக்கி? – கேள்வி பதில்

கேள்வி: என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர், விரல் மூட்டுகளில் வாதம் உண்டு. பிஸ்டலின் ஸ்லைடை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவதற்காக இழுக்கும் மேல்பாகத்தை, அவரால் பின்னுக்கு இழுக்க முடியவில்லை. சிறிய துப்பாக்கியாக வாங்கினால் எளிதாக இருக்குமா?

பதில்: இருக்காது, பெரும்பாலும் இன்னும் கடினமாகிவிடும். கைவலு என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது மூன்று வேறு வேலைகளுக்கானது: ஸ்லைடை இழுப்பது, டிரிகரை அழுத்துவது, சுட்டபின் வரும் பின்னுதைப்பைத் தாங்குவது. ஒன்று முடியாதவருக்கு மற்றொன்று நன்றாகவே முடியலாம். எது முடியவில்லை என்று அறிந்த பிறகே துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும்.

சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கி இந்த மூன்றிலும் பாதகமானது. பிடிக்க இடம் குறைவு, எடை குறைவதால் உதைப்பு அதிகம், குட்டையான ஸ்லைடுக்குள் இறுக்கமான ஸ்பிரிங். தோட்டா சிறியது என்பதும் இழுப்பதை எளிதாக்கிவிடாது. வால்தர் பிபிகே போன்ற .380 (தோட்டாவின் அளவு) துப்பாக்கிகளில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதில்லை. வெடிக்கும்போது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டுமே அதைத் தடுத்து நிறுத்துவதால் ஸ்பிரிங்கைக் கடினமாக வைத்தாக வேண்டியிருக்கிறது. பிரவுனிங் வழிவந்த, குழல் சாய்ந்து பூட்டிக்கொள்ளும் அமைப்பில் அந்த வேலையில் பெரும்பகுதியைப் பூட்டே செய்துவிடுவதால், அதைவிட வலிய 9 மி.மீ. துப்பாக்கிகூட இழுக்க இலகுவாக அமையலாம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இத்தகைய கைகளுக்கென்றே ஷீல்டு ஈஇசட் வகையை 2018இல் .380 அளவிலும், 2020இல் 9 மி.மீ. அளவிலும் கொண்டுவந்தது. அதன் பிடியின் பின்புறத்தில் உள்ள பாதுகாப்புப் பட்டை உள்ளங்கையால் முழுவதும் அழுந்தினால்தான் துப்பாக்கி சுடும். தளர்வாகப் பிடிப்பவர் இதைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. ஸ்லைடை இழுக்கவே முடியாதவருக்கு பெரெட்டாவின் பாப்கேட், டாம்கேட் வகைகள் உள்ளன. ஒரு நெம்புகோலை அழுத்தினால் குழலின் பின்முனை மேலே எழும், தோட்டாவை நேரே உள்ளே வைத்து மூடிவிடலாம்.

வாங்கும் முன் இழுக்கும் முறையையும் சரிபாருங்கள். பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளி இழுப்பவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். துப்பாக்கியை உடலுக்கு அருகில் கொண்டுவந்து, இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்வி அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும். அப்போது வேலை விரல்களிடமிருந்து தோளுக்குப் போகிறது. தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல் வெளியே உள்ள துப்பாக்கியாயின் அதை முதலில் பின்னுக்கு மடக்கிவிட்டால் ஸ்லைடு இன்னும் இளகும். இவ்வளவு நேரமும் குழல்வாய் பாதுகாப்பான திசையிலும், விரல் டிரிகருக்கு வெளியிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: உரிமம் பெறுவது எப்படி?

பதில்: அது உங்கள் பகுதி உரிம அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: ரிவால்வரில் ஸ்லைடே கிடையாது. வலுக்குறைந்தவருக்கு ரிவால்வரைச் சொல்லாமல் பிஸ்டலைச் சொல்வது ஏன்?

பதில்: இழுக்கும் சுமை மறைவதில்லை, இடம் மாறுகிறது என்பதால்தான். ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் ஒரே விரல் தோட்டாக்கள் உள்ள உருளையைச் சுழற்றி, சுத்தியலையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்கு 10 முதல் 12 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோ இழுவை வேண்டும். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றுக்கு அதில் பாதி போதும். ஸ்லைடுக்கு இரு கைகளும் தோளும் உதவிக்கு வரும். டிரிகருக்கு யாரும் வரமாட்டார்கள்.

அவரே மீண்டும்: சுத்தியலைப் பெருவிரலால் மடக்கிக்கொண்டால் டிரிகர் இலகுவாகிவிடுமே?

பதில்: ஆகும். ஆனால் வாதம் பெருவிரலின் அடிமூட்டையும் விடுவதில்லை. சுத்தியல் உள்ளே மறைந்த வகைகளில் மடக்கவே வழியில்லை. மடக்கியபின் சுட வேண்டாம் என்று முடிவெடுத்தால், தோட்டாவின் மேல் டிரிகரை அழுத்தியபடி சுத்தியலை மெல்ல இறக்க வேண்டும். நடுங்கும் விரல் வழுக்கினால் குண்டு வெளியேறிவிடும். இதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

இன்னொருவர் குறுக்கிட்டு: அப்படியானால் .22 ரிவால்வர்? உதைப்பே இருக்காதே.

பதில்: உதைப்பு இல்லைதான், டிரிகர் மட்டும் பெரும்பாலும் இன்னும் கடினமாக இருக்கும். .22 தோட்டாவில் வெடிமருந்தைத் தூண்டும் கலவை விளிம்புக்குள் இருப்பதால் அதை ஓங்கி அடிக்க வேண்டும். அதற்கு வலிய ஸ்பிரிங் தேவை. அவ்வாறு அடித்தும் வெடிக்காமல் போகும் தோட்டாக்கள் இவ்வகையில் அதிகம்.

முதலாமவர்: வெடிக்காவிட்டால் ரிவால்வரில் மறுபடி அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்தாக வேண்டும். அதைத்தான் இவர்களால் செய்ய முடியவில்லை என்கிறோம்.

பதில்: இந்த வாதம் சரியானது, ஒப்புக்கொள்கிறேன். பாப்கேட்டிலும் வெடிக்காத தோட்டாவைக் குழலை எழுப்பித்தான் அகற்ற வேண்டும். ஆகவே ஸ்லைடு அறவே முடியாது, ஆட்காட்டி விரல் மட்டும் திடமாக இருக்கிறது என்னும் கைக்கு, ஒரு கிலோ அளவிலான எஃகு ரிவால்வரும் தட்டைமுனை கொண்ட, உதைப்பு குறைந்த .38 வாட்கட்டர் தோட்டாவும் நல்ல தேர்வு. நான் எதிர்ப்பது நானூறு கிராம் எடையுள்ள குட்டி ரிவால்வரைத்தான். உதைப்பு உள்ளங்கையைப் பதம் பார்த்துவிடுவதால் பயிற்சிக்கு எடுப்பவர்கள் ஐந்து குண்டுகளோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: என் மனைவியின் கை சிறியது. சிறிய துப்பாக்கி ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அவரையும் உடன் அழைத்துச் சென்று, அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கை மாற்றி இலகுவாக்கலாமா?

பதில்: நீங்களாகச் செய்யக் கூடாது. சுத்தியல் ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா வெடிக்காது. ஸ்லைடு ஸ்பிரிங் தளர்ந்தால் துப்பாக்கியின் உடல் அடிவாங்கும்.

கேள்வி: புதிய பிஸ்டல் என் கையில் அடிக்கடி சிக்குகிறது, பயிற்சியாளர் சுட்டால் சிக்குவதில்லை. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்லைடு பின்னால் ஓடும்போது துப்பாக்கியின் உடல் அசையாமல் நின்றால்தான் ஓட்டம் முழுமையடையும். மணிக்கட்டு தளர்ந்து உடலும் சேர்ந்து பின்னால் போனால், வெற்றுக்கூடு வெளியேறாமல் மாட்டிக்கொள்ளும். எடை கூடிய துப்பாக்கி இதை ஓரளவு மன்னிக்கும். மணிக்கட்டு முறிந்து கட்டுப் பிரித்த பின் சில மாதங்கள் எனக்கும் இதே தொல்லை இருந்தது. இடது கையின் பிடியை இறுக்கிய பின்பே தீர்ந்தது.

கேள்வி: வயதானவருக்குப் பையில் வைக்க மிகச் சிறிய துப்பாக்கி எது?

பதில்: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: சிறியது எளியதன்று.

கேள்வி: மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) கடைசி இரண்டு தோட்டாக்களை அழுத்தி நுழைக்க முடியவில்லை.

பதில்: உள்ளே ஸ்பிரிங் சுருங்கச் சுருங்க எதிர்ப்பு கூடும். தோட்டா நிரப்பும் கருவி ஒன்றை வாங்குங்கள். அதுவரை அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். பத்து கொள்ளும் மேகசினில் எட்டு இருந்தாலும் துப்பாக்கி ஒழுங்காகவே இயங்கும்.