செவ்வாய்க்கிழமையை ஏன் வட்டமிடவில்லை?

உங்கள் வீட்டு ஒரு வாரத்து இரவு உணவுக் குறிப்பை இரண்டு முறை படித்தேன். எந்த ஐந்து நாள் வீட்டில் சமைத்தீர்கள், எந்த இரண்டு நாள் வெளியில் சாப்பிட்டீர்கள், யாருக்கு ஏப்பம் வந்தது, யாருக்கு வயிறு உப்பியது என்றெல்லாம் வரி தவறாமல் எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை உணவகத்தில் உங்கள் கணவர் தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்ததை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, வெளிச்சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகாது. வெளிச்சாப்பாடு இதற்குக் காரணமில்லை என்பதற்கு நீங்கள் எழுதிய குறிப்பே சாட்சி.

புதன்கிழமையும் வெளியில்தான் சாப்பிட்டீர்கள். அன்று அவர் சூப்பும் நூடுல்சும் வாங்கி முழுவதையும் சாப்பிட்டிருக்கிறார். எந்தச் சிரமமும் இல்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டு மேசையில் ரொட்டியும் இறைச்சியும் இருந்தன. மூன்றாவது வாயிலேயே எழுந்து வாஷ்பேசினுக்குப் போய்ச் சிறிது நேரம் குனிந்து நின்றுவிட்டு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் வறுத்த கோழி. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், மற்ற எல்லோரும் கை கழுவிய பிறகும் அவர் தட்டில் பாதி மீதி இருந்தது. சனிக்கிழமை வெளியில் சுட்ட இறைச்சி. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பசியில்லை என்றவர் ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். குழைந்த சோறும் பருப்பும் உண்ட திங்களன்றும், சூப்பும் முட்டையும் உண்ட வியாழனன்றும், மீனும் மசித்த உருளைக்கிழங்கும் உண்ட ஞாயிறன்றும் ஒரு குறையும் இல்லை. நீங்கள் இந்த வாரத்தை வீடு, வெளி என்று பிரித்துப் பார்த்தீர்கள். நான் கெட்டி, குழைவு என்று பிரித்துப் பார்த்தேன். கெட்டியான உணவு இருந்த மூன்று நாளும் தொல்லை, குழைவான உணவு இருந்த நான்கு நாளும் தொல்லையில்லை. பல ஆண்டுகள் நோயாளிகளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டும் இவ்வளவு தெளிவான விவரம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்குப் பெயர் விழுங்குவதில் சிரமம். அஜீரணமும் வாயுத் தொல்லையும் வேறு. தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய், உணவு இறங்கும்போது நன்றாகவே விரிந்துகொடுக்கும். நன்றாக மென்ற ஒரு கவளம் சுமார் பத்து நொடிகளில் அதைக் கடந்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்தக் குழாயின் உட்புறம் எங்கேனும் ஒடுங்கி, விட்டம் 13 மி.மீ. அளவுக்கோ அதற்குக் கீழோ வந்துவிட்டால், முதலில் அடம்பிடிப்பவை இறைச்சியும் ரொட்டியும்தான். ஒடுக்கம் மேலும் கூடினால் சோறு நிற்கும், அதன்பின் கூழ், கடைசியில் தண்ணீர். கெட்டியில் தொடங்கித் திரவத்தை நோக்கி நகரும் இந்த வரிசையைக் கேட்டாலே ஒடுக்கம் என்று ஐயுற வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படிக்கும் பாடம். முதல் நாளிலிருந்தே தண்ணீரும் சோறும் ஒரே மாதிரி நின்றால் அது பெரும்பாலும் குழாயின் தசை இயக்கத்தில் உள்ள கோளாறு. உங்கள் கணவருடையது அப்படித் தெரியவில்லை.

நோயாளிகள் இதை மறைப்பதில்லை. தம்மை அறியாமலே அதற்கேற்ப மாறிவிடுகிறார்கள். கவளம் சிறுத்துவிடும், மெல்லும் நேரம் நீளும், தண்ணீர்க் குவளை தட்டுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வந்து உட்காரும், எந்த உணவு இறங்கவில்லையோ அது 'பிடிக்காமல்' போய்விடும். என்னிடம் வந்த ஒருவர் எட்டு மாதமாக இறைச்சியை விட்டதற்கு உடல்நலனில் அக்கறை வந்துவிட்டதே காரணம் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார்; பால் குடித்தால் அது மூக்கு வழியாகத் திரும்பி வந்த அன்றுதான் மருத்துவமனைக்கு வந்தார். அந்த எட்டு மாதமும் குடும்பம் முழுவதும் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறது. நீங்கள் நான்கு மாதத்தில் கவனித்துவிட்டீர்கள்.

இனி, நீங்கள் எழுதாமல் விட்டதற்கு வருகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் புற்றுநோய் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் கையொப்பத்துக்கு முந்தைய வரியில், 'என் மாமனாருக்கும் கடைசி நாட்களில் நீராகாரம் மட்டுமே இறங்கியது' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற மூன்றே முக்கால் பக்கமும் இந்த ஒரு வரியைச் சொல்லத் தயங்கி எழுதியவை என்றே எனக்குப் படுகிறது. ஆகவே நேராகவே சொல்கிறேன்: அதுவாக இருக்கலாம், அதுவாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஐம்பத்தொரு வயது, பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சல், பத்து ஆண்டுகளுக்கு முன்பு வரை புகைப்பழக்கம், நான்கு மாதத்தில் 74 கிலோவிலிருந்து 69 கிலோவுக்கு இறங்கிய எடை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவரும் புற்றுநோய் இல்லை என்று உள்ளே பார்க்காமல் சொல்லக் கூடாது. முயலாமலேயே ஓராண்டுக்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே காரணம் தேட வேண்டும்; இவருக்கு அதைவிடக் கூடுதலாகவே குறைந்திருக்கிறது. அதே நெஞ்செரிச்சல் வேறொன்றையும் செய்யும். இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலே ஏறி உணவுக்குழாயின் அடிப்பகுதியைப் புண்ணாக்கி, அந்தப் புண் ஆறும்போது தழும்பாகி, அந்தத் தழும்பு குழாயைச் சுருக்கிவிடும். ஒவ்வாமையால் குழாய் வீங்கித் தடிப்பதும் உண்டு, அடிப்பகுதியில் மெல்லிய வளையம் போன்ற ஒரு மடிப்பு இருந்து இறைச்சித் துண்டை மட்டும் பிடித்து நிறுத்துவதும் உண்டு. இவற்றில் பலவற்றை எண்டோஸ்கோப்பி, அதாவது வாய்வழியே வளையும் குழாயைச் செலுத்தி உள்ளே பார்க்கும் பரிசோதனை, வழியாகவே பலூன் வைத்து விரித்துவிட முடியும். நோயாளி வீட்டுக்குப் போய் ஓரிரு நாளில் வழக்கம்போல் சாப்பிடுவார். எது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கைப்பேசித் திரையில் பதினோரு நோய்களின் பட்டியலை நள்ளிரவில் படித்துக்கொண்டிருப்பவரால் நிச்சயமாக முடியாது.

அந்தக் கைப்பேசியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஏதோ ஒரு காணொளியில் சொன்னார்கள் என்று உங்கள் கணவர் மூன்று மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஓமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார், நெஞ்செரிச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் மகிழ்ச்சியில்லை. அது நல்ல மருந்து, நானும் அன்றாடம் எழுதித் தருவதுதான். ஆனால் எரிச்சல் என்பது உள்ளே இருந்து வரும் புகார். புகார்க்காரர் வாயைக் கட்டிவிட்டுக் குற்றத்தை விசாரிக்காமல் விட்டிருக்கிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, புற்றுநோய்ப் புண்ணின் வலியைக்கூடச் சில வாரங்களுக்குத் தணித்து எல்லோரையும் ஏமாற்றிவிடும். எரிச்சல் போன பிறகும் இறைச்சி இறங்கவில்லை என்பதுதான் இங்கே செய்தி. மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எத்தனை நாளாக எந்த அளவில் சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டு வலிக்கோ வேறு எதற்கோ அவர் மாத்திரைகளை வாங்கி, தண்ணீர் போதாமல் விழுங்கிவிட்டு உடனே படுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும் மாத்திரைகள் சில இருக்கின்றன.

மருத்துவரிடம் போகும்போது தயவுசெய்து 'கேஸ் ட்ரபிள்' என்று தொடங்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களில் பலருடைய கை தானாகவே இன்னொரு மாத்திரையை எழுதிவிடும். இது எங்கள் குறை, ஆனாலும் உண்மை. 'நான்கு மாதமாகக் கெட்டியான உணவு நெஞ்சில் நிற்கிறது, ஐந்து கிலோ எடை குறைந்திருக்கிறது' என்று அவரே தன் வாயால் முதல் வாக்கியத்தில் சொல்லட்டும். எங்கே நிற்கிறது என்று கேட்டால் அவர் கழுத்தைக் காட்டக்கூடும். அடைப்பு மிகக் கீழே இருந்தாலும் உணர்வு மேலே தெரியும் என்பதால் அதை வைத்துத் தொண்டை மருத்துவரோடு மட்டும் நின்றுவிட வேண்டாம். அவருக்குத் தேவை மேல் எண்டோஸ்கோப்பி. பிரிட்டனில் 2015-இல் வெளியான தேசிய வழிகாட்டுதல், விழுங்கும் சிரமம் உள்ளவர்களுக்கு வயது வரம்பே வைக்காமல் இரண்டு வாரத்துக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னது. நீங்கள் எங்கே இருந்தாலும் அந்த அவசரத்தையே மனத்தில் வையுங்கள். ஆண்டுக் கணக்கு வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாரே உங்கள் கணவர், அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பரிசோதனையைக் கண்டு அவர் அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, வேண்டுமானால் தூக்க ஊசியும் போட்டு, சுண்டுவிரல் பருமனுள்ள வளையும் குழாயை வாய்வழியே செலுத்துவார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். சந்தேகமான இடத்திலிருந்து அரிசியளவு துணுக்குகளை எடுப்பார்கள், அது வலிக்காது. துணுக்கு எடுத்தாலே புற்றுநோய் பரவிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்ட மற்றவற்றை வேகமாக முடிக்கிறேன். உங்களுக்கு வரும் ஏப்பம் நீங்கள் பேசிக்கொண்டே வேகவேகமாகச் சாப்பிடுவதால் வருவது. அதற்கு மருந்தில்லை, தேவையும் இல்லை. மகனின் வயிற்று இரைச்சல் நல்ல குடலின் சத்தம். வேலை நேரத்தில் தொண்டையில் உருண்டை அடைப்பது போலத் தோன்றி, சாப்பிட உட்கார்ந்ததும் மறைந்துவிடுகிறது என்று உங்களைப் பற்றி எழுதியிருப்பது உங்கள் கணவரின் தொல்லைக்கு நேர் எதிரானது; அவருக்குச் சாப்பிடும்போது வருகிறது, உங்களுக்குச் சாப்பிடும்போது போகிறது, ஆகவே அதை நினைத்து அஞ்ச வேண்டாம். மைக்ரோவேவில் சூடாக்கிய உணவில் கதிர்வீச்சு எதுவும் தங்குவதில்லை. மீந்த சோற்றைப் பற்றிய உங்கள் கவலையில் மட்டும் கொஞ்சம் பொருள் உண்டு. வெந்த பிறகும் சாகாத நுண்ணுயிரி விதைகள் அதில் இருக்கும். வெளியில் பல மணி நேரம் வைத்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அதனால் வரும் வாந்தி சில மணி நேரத்திலேயே வந்து ஒரு நாளில் போய்விடும், நான்கு மாதம் நெஞ்சில் நிற்காது. வாரத்துக்கு இரண்டு நாள் வெளியில் சாப்பிடுவதில் உப்பும் எண்ணெயும் சற்றுக் கூடும், அவ்வளவுதான். குடும்பத்தோடு போய் வாருங்கள்.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது நல்லதா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சேர்த்தது. குற்றம் சூட்டில்தான், பானத்தில் இல்லை. சில நிமிடம் ஆறவிட்டுக் குடித்தால் போதும்.

பரிசோதனை நாள் வரும்வரை அவருக்குக் குழைவான உணவையே கொடுங்கள், இறைச்சியும் காய்ந்த ரொட்டியும் வேண்டாம். அதற்குள் ஏதாவது ஒரு வாய் நெஞ்சில் அடைத்துக்கொண்டு, தண்ணீரும் இறங்காமல், உமிழ்நீரையே துப்ப வேண்டிய நிலை வந்தால், சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லியோ சோடாவைக் குடிக்கவைத்தோ அதைத் தள்ளப் பார்க்காதீர்கள். அப்போதே, நடு இரவாக இருந்தாலும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்த வாந்தியோ தார் போன்ற கறுத்த மலமோ வந்தாலும் அப்படியே. இல்லாவிட்டால், பரிசோதனைக்கு முந்தைய இரவு உணவை இலேசாக முடித்துக்கொண்டு, மருத்துவமனை சொல்லும் நேரத்திலிருந்து, வழக்கமாக ஆறு முதல் எட்டு மணி நேரம், ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். உங்கள் குறிப்பையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். போகும் முன் செவ்வாயையும் வெள்ளியையும் அதே சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுங்கள்.