ஒளி பட்டால் திறக்கும் கால்சியம் வழி: கேள்வி பதில்

கேள்வி: ஒளிக்கும் கால்சியத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆய்வகத்தில் நாம் வளர்க்கும் சாதாரணச் செல்களில் இயல்பாக எதுவும் இல்லை, நாம்தான் முடிச்சுப் போடுகிறோம். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் கட்டற்ற கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே அதைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு. சவ்வில் ஒரு வழி திறந்தால் போதும், தானாகவே உள்ளே பாயும். அந்த வழியை ஒளி பட்டால் திறக்க வைப்பதுதான் வேலை.

கேள்வி: அதற்கு, ஒளி பட்டால் திறக்கும் கால்வாய்ப் புரதமான சேனல்ரோடாப்சின் போதாதா?

நரம்பு செல்லைத் தூண்ட அது போதும். ஆனால் அதில் பெரும்பாலும் புரோட்டானும் சோடியமும்தான் நுழையும், கால்சியம் கொசுறு. கால்சியம் மட்டும் வேண்டுமானால் 2015இல் வந்த ஆப்டோஸ்டிம்1 என்ற செயற்கைப் புரதத்தின் பக்கம் போங்கள். கால்சியம் கால்வாயைத் திறக்கும் ஸ்டிம்1 புரதத்தின் ஒரு துண்டோடு, அராபிடாப்சிஸ் செடியின் நீல ஒளி உணரும் புரதமான கிரிப்டோகுரோம்2இன் பகுதியை ஒட்டியிருக்கிறார்கள். நீல ஒளி பட்டதும் இவை திரண்டு, செல்லின் சவ்வில் ஏற்கெனவே இருக்கும் ஓராய்1 என்ற கால்சியம் கால்வாயைத் திறக்கும்.

கேள்வி: கால்சியம் ஏறுவதைப் பார்க்க, கால்சியம் கூடினால் பச்சையாக ஒளிரும் ஜிகேம்ப் என்ற உணரிப் புரதத்தைப் போட்டேன். ஒளியூட்டும் முன்பே ஏறிவிடுகிறது. ஏன்?

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஜிகேம்ப்பைப் படம்பிடிக்க வழக்கமாக 488 நானோமீட்டர் லேசர் போடுவீர்கள். கிரிப்டோகுரோம் விழித்துக்கொள்வதும் அதே நீலத்தில்தான். அதாவது, பார்ப்பதே தூண்டுவதாகிவிடுகிறது. உங்கள் அடிப்படை அளவு என்பதே பொய். 561இல் கிளர்த்தும் ஆர்-ஜீகோ போன்ற சிவப்பு உணரிக்கு மாறுங்கள். செல் வளரும் தட்டை அலுமினியத் தாளில் சுற்றி வைத்து, மங்கலான சிவப்பு விளக்கில் கையாளுங்கள். குவியம் தேடும்போது வெள்ளை விளக்கைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்! அப்புறம், ஆப்டோஸ்டிம்1 இல்லாத செல்களுக்கும் அதே ஒளியைக் கொடுத்துப் பாருங்கள். அவையும் ஏறினால் அது ஒளிச்சேதமாக இருக்கலாம்.

கேள்வி: விளக்கை அணைத்தால் உடனே நின்றுவிடுமா?

நிற்காது. கிரிப்டோகுரோம் திரள் கலையச் சில நிமிடங்கள் ஆகும். அதைவிடச் சீக்கிரம் வேண்டுமானால் ஓட்ஸ் செடியின் ஒளி உணரும் புரதத்திலுள்ள லவ்2 பகுதி வைத்துச் செய்த கருவிகளைப் பாருங்கள்.

கேள்வி: இந்தப் புரதங்களுக்கெல்லாம் செல்லுக்குள் மரபணுவைச் செலுத்த வேண்டுமே, அது இல்லாமல் முடியாதா?

முடியும். டிஎம்-நைட்ரோபென் போன்ற கூண்டுச் சேர்மங்கள் கால்சியத்தைப் பிடித்து வைத்திருந்து, புற ஊதா ஒளியில் உடைந்து விட்டுவிடும். வேகம் அபாரம். ஆனால் உடைந்தது உடைந்ததுதான், மறுபடி கூண்டாகாது. ஏற்றி இறக்கித் தாளகதி காட்ட நினைத்தால் எனக்கு இது பிடிக்காது.

கேள்வி: இப்படி ஏற்றி என்ன பயன்?

மரபணுக்களை இயக்கும் என்எஃப்ஏடி என்ற புரதம் ஒன்றே எடுத்துக்காட்டாகப் போதுமே. கால்சியம் ஏறி நீடித்தால் அது உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும், இறங்கினால் வெளியேறும். ஒளித் துடிப்பின் இடைவெளியை மாற்றி, எந்தத் தாளத்துக்கு எந்த மரபணு விழிக்கிறது என்று ஒரே செல்லில் கேட்கலாம். மருந்து ஊற்றிச் செய்தால் இவ்வளவு துல்லியம் கிடைக்காது.