லேத் டேப்பராகக் கடைகிறதா? பெட்டில் கை வைக்கும் முன் அடிக்காலைப் பாருங்கள்

கேள்வி: பழைய மைஃபோர்டு எம்எல்7 லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஓய்வு நேரத்தில் சின்ன ஸ்டீம் இன்ஜின் மாடல் செய்ய ஆசை. சக்கில் (ராடைக் கவ்விச் சுழலும் பகுதி) ராடைப் பிடித்து 100 மி.மீ. நீளத்துக்குக் கடைந்தால், சக் பக்கத்தைவிட வெளிமுனை 0.04 மி.மீ. தடிப்பாக வருகிறது. ராடை அறுத்துத் துண்டாக்கும் பார்ட்டிங் டூல் போட்டால் அதிர்கிறது, குதிக்கிறது, சில சமயம் கடித்துக்கொண்டு நின்றேவிடுகிறது. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியில் பதினைந்து கோடு ஆட்டம் இருக்கிறது, அதுவரை சுற்றினாலும் ஸ்லைடு நகர்வதில்லை. பெட்டை (லேத்தின் நீண்ட அடித்தளம்) கிரைண்டிங் செய்து, சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங்கையும் மாற்றிவிடச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஸ்பேனரைக்கூட எடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றுகூட பெட் தேய்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சி இல்லை.

பெட் கிரைண்டிங் என்பது மேற்பரப்பை அரைப்பதோடு முடிகிற வேலை இல்லை. பெட் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சாடில் (டூலைச் சுமந்து பெட்டின்மேல் நகரும் பகுதி) கீழே இறங்கும், அதோடு அதன் முன்னே தொங்கும் ஏப்ரனும் இறங்கும். சாடிலை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூ மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். பிறகு அதைப் பற்றிக்கொள்ளும் அரை நட்டு அதன்மேல் நேராக உட்காராது. பெட்டின் தடிமன் குறைவதால் சாடிலை அடியிலிருந்து பிடிக்கும் பட்டைகளையும் மறுபடி பொருத்த வேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கைத் திருத்த வேண்டிவரும். தேய்மானத்தை அளந்து பார்த்து, அது நிஜமாகவே வேலையைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

எம்எல்7 இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகே பீஸ்டனில் 1946 முதல் தயாரான லேத். சென்டர் உயரம் (பெட்டிலிருந்து சுழலும் மையம் வரை) மூன்றரை அங்குலம், ராடை இரு முனையிலும் தாங்கும் கூம்புகளான சென்டர்களுக்கு இடையே இருபது அங்குலம். வீட்டுப் பட்டறைக்கும் மாடல் வேலைக்கும் அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். ஆனால் தொழிற்சாலை லேத்தைப் போல டன் கணக்கில் எடை கிடையாது. கனமான பெட் தன் எடையாலேயே தன் வடிவத்தில் நிற்கும். இவ்வளவு லேசான பெட் எந்த மேசையில் போல்ட் போட்டு இறுக்குகிறோமோ, அந்த மேசையின் கோணலை அப்படியே வாங்கிக்கொள்ளும். உங்கள் டேப்பருக்கு, அதாவது ஒரு முனை தடிப்பாக வரும் குறைக்கு, என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

இரண்டாவது சந்தேகம், நீங்கள் கடைந்த ராடின்மேல். அது எவ்வளவு தடிமன் என்று எழுதவில்லை. 12 மி.மீ. ராடை 100 மி.மீ. வெளியே நீட்டிக் கடைந்திருந்தால், டூலின் அழுத்தத்தில் வெளிமுனை பின்வாங்கும். பின்வாங்கிய இடத்தில் டூல் குறைவாகச் சீவும், அங்கே தடிப்பாக நிற்கும். நீங்கள் சொல்லும் குறையும் அச்சு அசலாக இதுதான்! லேத் துல்லியமாக இருந்தாலும் இப்படி வரும். ஒரே அழுத்தத்தில் ராடின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். அதனால் ஒல்லி ராடை வைத்து லேத்தை எடை போடக் கூடாது.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமனுள்ள மைல்ட் ஸ்டீல் ராடை சக்கில் நன்றாக உள்ளே தள்ளிப் பிடியுங்கள். வெளியே 120 மி.மீ. நீட்டியிருந்தால் போதும். சக் ஓரமாக ஒரு வளையமும் வெளிமுனையில் ஒரு வளையமும் நிற்கும்படி, நடுப்பகுதியை ஒரு மி.மீ. போலத் தாழ்த்திக் கடைந்துவிடுங்கள். வெளிமுனையைத் தாங்க டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் நிற்கும் பகுதி) சென்டரைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அதன் கோணல் வேறு கணக்கில் கலந்துவிடும். பிறகு கூராகத் தீட்டிய ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் 0.05 மி.மீ. ஆழம் வைத்து, மெதுவான ஃபீடில் (டூலை நகர்த்தும் வேகம்) இரண்டு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் சீவுங்கள். இடையில் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் தொட வேண்டாம். லேத்தை நிறுத்தி, ராடைச் சக்கிலிருந்து கழற்றாமலே மைக்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சக்கில் இருக்கும் ஓட்டத்தை, அதாவது ராடு மையம் விலகிச் சுற்றுவதை, நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பழைய மூன்று தாடைச் சக்கில் 0.08 மி.மீ. ஓட்டம் சகஜம். ஒரே பிடியில் கடைந்த பரப்பின் அளவை அது மாற்றாது.

இரண்டு வளையங்களும் 0.01 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் லேத்தின் மேல் குற்றம் இல்லை, ராடுதான் ஏமாற்றியது. அப்போதும் வெளி வளையம் 0.04 மி.மீ. பெரிதாகவே வந்தால் பெட்டில் முறுக்கு இருக்கலாம். ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை எதிர்ப்பக்கமும் திரும்புமே, அப்படி ஒரு முறுக்கு. கண்ணுக்குத் தெரியாது. சாடில் வலப்பக்கம் நகர நகர டூல் உங்கள் பக்கமாகச் சாய்ந்து, மைய அச்சிலிருந்து விலகும்.

பேச்சைவிட ஒரு சின்னப் பரிசோதனை தெளிவாகக் காட்டும். டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) காந்த அடியை மேசையில் ஓர் இரும்புத் தட்டின்மேல் நிறுத்தி, முள்ளை டெயில்ஸ்டாக் பக்கத்துப் பெட் முனையில், முன் ஓரத்தில் மேலிருந்து தொடும்படி வையுங்கள். அந்தப் பக்கத்து அடிக்கால் போல்ட்டுகளை மெல்லத் தளர்த்துங்கள். முள் அசையாமல் இருந்தால் மேசை பெட்டை இழுக்கவில்லை. பத்து இருபது கோடு துள்ளினால், அத்தனை நாளாக இறுக்கி வளைத்து வைத்திருந்தது மேசை என்று அர்த்தம்.

சரி, திருத்துவது எப்படி? வெளிமுனை பெரிதாக வந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலின் கீழே, அதாவது நீங்கள் நிற்கும் பக்கத்தில், ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். முன்கால் உயர்ந்தால் பெட் அந்த முனையில் பின்பக்கம் சாயும். பெட்டுக்கு மேலே நிற்கும் டூலும் சேர்ந்து பின்னே போய் அச்சை நெருங்கும், வெளிமுனை சிறுக்கும். வெளிமுனை சிறிதாக வருகிறவர்கள் பின்காலுக்கு வைக்க வேண்டும்.

எவ்வளவு வைப்பது? விட்டத்தில் 0.04 என்றால் ஆரத்தில் 0.02. அது 100 மி.மீ. நீளத்தில். உங்கள் லேத்தில் ஹெட்ஸ்டாக் (சக் பக்கத்துத் தலைப்பகுதி) காலுக்கும் டெயில்ஸ்டாக் காலுக்கும் நடுவே 500 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அங்கே 0.10 ஆகிறது. அடிக்காலிலிருந்து சென்டர் வரை உள்ள உயரமும், முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள அகலமும் ஏறக்குறைய சமம் என்றால் 0.1 மி.மீ. ஷிம்மில் ஆரம்பிக்கலாம். இது தோராயக் கணக்குதான். போல்ட்டை இறுக்கியபின் மறுபடி வளையங்களைச் சீவி அளந்து, அதற்குத் தக்கபடி கூட்டிக் குறையுங்கள். பித்தளைத் தகடோ ஃபீலர் கேஜ் தகடோ வையுங்கள். அட்டை, காகிதம் எல்லாம் எண்ணெயில் ஊறி அமுங்கிப்போகும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த ரசமட்டம் அவசியமா என்று கேட்பார்கள். முறுக்கைக் காண அது நல்ல கருவிதான், ஆனால் லேத் பூமிக்குச் சமமட்டமாக நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆடும் கப்பலிலும் லேத் ஓடுகிறது. முறுக்கு இல்லாமல் இருந்தால் போதும். அதை வளையங்களே சொல்லிவிடும். மேசை மரமாக இருந்தால் ஈரக் காலத்திலும் வறண்ட காலத்திலும் மரம் நகரும். அளவு முக்கியமான வேலைக்கு முன்னால் இந்தச் சோதனையை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

முறுக்கை எடுத்தபின் தடித்த ராடை முழுநீளமும் ஒரே சீராகக் கடைந்து, 20 மி.மீ.க்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அளவு ஒரே சீராக ஏறினால் இன்னும் முறுக்கு மிச்சம். நடுவில் புடைத்தோ குழிந்தோ போனால் அப்போது பெட் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். சாடில் அதிகம் உழைப்பது சக் அருகில்தான், அதனால் தேய்வதும் அங்கேதான். சாடிலை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்போது இறுகுகிறதா என்று பாருங்கள், அது தேய்மானத்தின் இன்னொரு அடையாளம். சின்ன மாடல் வேலைகள் பெரும்பாலும் 50 மி.மீ. நீளத்துக்குள் அடங்கிவிடும். அவ்வளவு தூரத்தில் தெரியாத தேய்மானத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பேரிங்குக்கு வருவோம். எம்எல்7-இல் ஸ்பிண்டில் சுழல்வது இரண்டாகப் பிளந்த வெள்ளை உலோக பேரிங்கில். மூடிக்குக் கீழே மெல்லிய ஷிம்கள் இருக்கும். தேய்ந்தால் ஷிம்மைக் குறைத்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்றுதான் அந்த அமைப்பு. மாற்றச் சொல்கிறவர் அளந்து பார்த்தாரா? பெல்ட்டைத் தளர்த்துங்கள். டயல் கேஜை ஹெட்ஸ்டாக்கில் நிறுத்தி, முள்ளைச் சக்குக்குப் பின்னால் ஸ்பிண்டிலின் கழுத்தில் மேலிருந்து தொடவிடுங்கள். சக்கில் கனமான ராடு ஒன்றைப் பிடித்து, அதைக் கையால் மேலே தூக்குங்கள், கீழே அழுத்துங்கள். முள் 0.02, 0.03 மி.மீ. அசைந்தால் தொடாதீர்கள். எண்ணெய்ப் படலத்துக்கு இடம் வேண்டாமா? அதற்கு மேல் போனால் ஷிம்மை இரண்டு பக்கமும் ஒரே அளவில், மிகக் கொஞ்சமாகக் குறைத்து, மூடியை இறுக்கி, மெதுவான வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டுங்கள். வெறுங்கையால் தாங்கக்கூடிய சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள்.

பார்ட்டிங் வம்பு இதிலிருந்து தனி. பேரிங் ஆட்டத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி ஜிப்தான், அதாவது ஸ்லைடு ஆடாமல் பிடிக்கும் பட்டை. கிராஸ் ஸ்லைடையும் அதன்மேல் டூலைப் பிடிக்கும் மேல் ஸ்லைடையும் கழற்றி, பழைய எண்ணெய், பிசிறு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். ஜிப் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இறுக்கி, கைப்பிடியைச் சுற்றும்போது லேசாகப் பிடித்தம் தெரியும் நிலையில் நிறுத்துங்கள். பிறகு ஸ்க்ரூ திரும்பாதபடி பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். நட்டோடு ஸ்க்ரூவும் திரும்பிவிட்டால் எல்லா உழைப்பும் வீண். பார்ட்டிங் நேரத்தில் மேல் ஸ்லைடையும் சாடிலையும் பூட்டிவிடுங்கள். டூலை அவசியமான அளவுக்குமேல் வெளியே நீட்டாதீர்கள். டூலின் வெட்டுமுனை சரியாக மைய உயரத்தில் இருக்கட்டும், அறுக்கும் இடம் சக்குக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும். அதிர்வு வந்தால் பயந்து ஃபீடைக் குறைக்கிறோம். டூல் வெட்டாமல் உரச, அதிர்வு இன்னும் கூடுகிறது. வேகத்தைக் குறைத்து, ஃபீடைத் தைரியமாகக் கொடுங்கள்.

இத்தனைக்கும் அடங்கவில்லையென்றால் கிராஸ் ஸ்லைடின் பின்பக்கம் ஒரு டூல்போஸ்ட் வைத்து, டூலைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஸ்பிண்டில் வழக்கம்போல முன்பக்கமே சுற்ற வேண்டும். முன்பக்க டூல் கடித்தால் கீழே வளைந்து இன்னும் ஆழமாக இழுபடும். பின்பக்க டூல் மேலே விலகி ராடை விட்டுவிடும். சீவலும் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளாமல் கீழே விழும். ஆனால் மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றவிட்டு வெட்டப் பார்க்காதீர்கள். எம்எல்7-இல் சக் மரையில் ஏறியிருக்கிறது, கழன்று வந்துவிடும்.

பதினைந்து கோடு ஆட்டம்? கோடு ஒன்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆக மொத்தம் 0.38 மி.மீ. பழைய நட்டில் இது அதிசயம் இல்லை. அளவையும் கெடுக்காது, எப்போதும் ஒரே திசையில் சுற்றி அளவுக்கு வந்தால் போதும். தாண்டிவிட்டால் ஒரு முழுச்சுற்று பின்னே போய்த் திரும்பி வாருங்கள். பார்ட்டிங் டூல் தானாக உள்ளே இழுபடும்போது மட்டும் இந்த ஆட்டம் தொல்லை தரும். ஜிப்பைச் சரியாக வைத்தபின் பார்த்துக்கொண்டு நட்டை மாற்றலாம்.

எண்ணெய் பற்றி ஒன்று. நிப்பிளைப் பார்த்ததும் பலர் கிரீஸ் கன்னை எடுத்துவிடுகிறார்கள். உங்கள் லேத்தில் அவை எண்ணெய்க்கானவை. பழைய கிரீஸ் வழியை அடைத்திருந்தால் கழுவி எடுங்கள். பெட்டுக்கு 68-ஆம் நம்பர் ஸ்லைடுவே எண்ணெய், ஸ்பிண்டிலுக்கு 32 போன்ற மெல்லிய எண்ணெய் பொருந்தும். காஸ்ட் அயர்ன் கடையும்போதும் எமரி தாள் போடும்போதும் பெட்டை மூடிவையுங்கள், அந்தத் தூளும் எண்ணெயும் சேர்ந்தால் பெட்டை அரைத்துவிடும்.

கடைசியாக, உங்கள் ஸ்டீம் இன்ஜின் சிலிண்டர். இந்தத் திருத்தமெல்லாம் முடியும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. சிலிண்டரைச் சக்கில் பிடித்துத் துளையிட்டால் லேத்தின் டேப்பர் அப்படியே துளைக்குள் வந்துவிடும். அதற்குப் பதில் சிலிண்டரைக் கிராஸ் ஸ்லைடின்மேல் போல்ட் போட்டு நிறுத்தி, இரண்டு சென்டர்களுக்கு நடுவே போரிங் பாரை (நடுவில் டூல் பொருத்திய தண்டு) சுழலவிடுங்கள். டூல் பாரில் பூட்டப்பட்டு ஒரே ஆரத்தில் சுற்றுவதால், சாடில் சற்றுக் கோணலாக நகர்ந்தாலும் துளையின் விட்டம் முனைக்கு முனை மாறாது. பாரை இடம் கொள்ளும் அளவுக்குத் தடிப்பாக எடுங்கள். அதன் நீளம் சிலிண்டரின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், சிலிண்டர் டூலுக்கு முன்னாலும் பின்னாலும் முழுதாகக் கடந்து போக இடம் தேவை. ஒவ்வொரு சீவலுக்கும் டூலை எவ்வளவு வெளியே தள்ளினோம் என்பதை டயல் கேஜில் பாருங்கள். 0.05 தள்ளினால் விட்டம் 0.10 கூடும். முடிவு அளவுக்கு வந்தபின் டூலை நகர்த்தாமலே இரண்டு மூன்று முறை ஓட்டி எடுங்கள், பாரின் வளைவு விட்டுவைத்ததும் வழித்துக்கொண்டு வந்துவிடும். பிஸ்டனைப் பிறகு அந்தத் துளைக்குப் பொருந்தக் கடையலாம். துளை அளவுக்கு வந்துவிட்டால் பிஸ்டனைத் திருத்துவது எளிது.