டிரம்மர் மகன் தனி ஆல்பம் போடப் போகிறேன் என்கிறாரா?

அம்மா, வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் பி.காம். மூன்றாம் ஆண்டு. பள்ளியில் தொடங்கிய ராக் பேண்டில் இன்றும் டிரம்ஸ் வாசிக்கிறார். இப்போது தானே எழுதித் தானே பாடி ஒரு பாப் ஆல்பம் போட வேண்டும், காலேஜை விட வேண்டும், ஸ்டூடியோவுக்கு மூன்று லட்சம் வேண்டும் என்கிறார். “பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவனைப் பாடகனாக யார் ஏற்பார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டு நன்றாக இருந்தால் நிச்சயம் ஏற்பார்கள். ஆனால் காலேஜை விடுவதும் இப்போதே மூன்று லட்சம் போடுவதும் அதற்கான வழி இல்லை.

பில் காலின்ஸ் பெயரைத் தம்பி கேள்விப்பட்டிருப்பார். லண்டன்காரர். 1970-ல், பத்தொன்பது வயதில், ஆடிஷன் கொடுத்து ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டில் டிரம்மராகச் சேர்ந்தார். 1975-ல் பாடகர் பீட்டர் கேப்ரியேல் விலகினார். வேறு ஆள் தேடிப் பார்த்து, சரிவராமல், கடைசியில் இவரையே பாட வைத்தார்கள். அவருடைய முதல் தனி ஆல்பம் ‘ஃபேஸ் வேல்யூ’ வந்தது 1981 பிப்ரவரியில். அப்போது அவருக்கு வயது முப்பது. பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது.

முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்த பாட்டுகள்தான் அதில் பெரும்பாலும். ஒரு சிந்தசைசர் (மின்னணு கீபோர்டு), தானே தாளம் போடும் ரோலண்ட் டிரம் மெஷின், எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் எட்டு டிராக் டேப் மெஷின், அவ்வளவுதான். ஸ்டூடியோவுக்குப் போனபோது அந்த வீட்டு டேப்பையே பெரிய டேப்புக்கு மாற்றி, அதன் மேல்தான் மற்றதைச் சேர்த்தார்கள். ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டின் ஆல்பம் பதிப்பைத் தம்பியோடு உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். மூன்றரை நிமிடத்துக்கு மேல் அவருடைய டிரம்ஸே கிடையாது. டிரம் மெஷின் மெல்லத் துடிக்கிறது, குரல் அடங்கி வருகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரே ஒரு டிரம்ஸ் உருட்டல் வந்து விழுகிறது பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். பாட்டுக்கு டிரம்ஸ் தேவைப்படும் இடம் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்ததால்தான் அந்த அடிக்கு அத்தனை பலம். தம்பி தன் பாட்டுகளில் இதைச் செய்கிறாரா என்று கவனியுங்கள்.

அந்த டிரம்ஸ் ஓசை வந்த கதையும் முக்கியம். கேப்ரியேலின் தனி ஆல்பம் ஒன்றுக்கு வாசிக்கப் போன இடத்தில், லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில், ஹியூ பேட்ஜம் என்ற ஒலிப்பதிவாளரோடு வேலை செய்யும்போது கண்டுபிடித்தது அது. எதிரொலி பெரிதாக எழும்பிச் சட்டென்று அறுந்துவிடும். பிறகு அதே பேட்ஜமைத் தன் ஆல்பத்துக்கு அழைத்துக்கொண்டார். அடுத்தவருக்காக வாசித்ததில் அவருக்குக் கிடைத்தது இது. ‘ஃபேஸ் வேல்யூ’ ஆல்பத்தில் வயலின் வாசித்த எல். சங்கர் நம் ஊர்க்காரர்தான்: சென்னையில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, நம் இசையையும் ஜாஸையும் கலந்த ‘சக்தி’ குழுவில் வாசித்தவர், எல். சுப்பிரமணியத்தின் தம்பி. எரிக் கிளாப்டனின் கிதாரும் உண்டு. பத்து வருடம் மேடையிலும் ஸ்டூடியோவிலும் பழகியவருக்குத்தான் இப்படிப்பட்டவர்கள் வந்து வாசிப்பார்கள்.

இன்னொன்று, அவர் பேண்டை விடவில்லை. அதே 1981-ல் ஜெனிசிஸ் ஆல்பமும் வந்தது. 1996 வரை இரண்டையும் சேர்த்தே நடத்தினார். தம்பிக்கு பேண்டா தனி ஆல்பமா என்ற சண்டையே வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்வது? டிகிரியை முடிக்கட்டும், இன்னும் சில மாதங்கள்தானே. அதோடு கீபோர்டு கற்க ஓர் ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். லண்டன் டிரினிட்டி காலேஜின் இசைத் தேர்வில் டிரம்ஸ் எட்டாம் கிரேடு முடித்தவர்கூட ஒரு மெட்டுக்கு கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வைக்கத் தெரியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். டிரம்மர் பாட்டுக்காரராக மாறும்போது சிக்குகிற இடம் குரல் இல்லை, இதுதான்.

வருமானத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. மேடையில் வாசித்தால் அன்றைய சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடும். பாட்டை எழுதி மெட்டமைத்தவருக்கு ராயல்டி, அதாவது பாட்டு பயன்படும்போது வரும் பங்குத் தொகை, பெறும் உரிமை தொடர்கிறது. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது இன்னும் பலமாகியிருக்கிறது. பாட்டெழுதுவோர், இசையமைப்போருக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்து பாட்டுகளைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் வருவது தொடக்கத்தில் டீச் செலவுக்குக்கூடக் காணாது, அதை நம்பி வேலை தேடாமல் இருக்கக் கூடாது. பேண்டில் சேர்ந்து உருவாக்கிய மெட்டு எதையாவது தனி ஆல்பத்தில் எடுத்தால் யாருக்கு என்ன பங்கு என்பதை நண்பர்களோடு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட்டு நட்பு கெட்ட வீடுகள் நிறைய.

பணத்தைப் பொறுத்தவரை, லேப்டாப் இருக்கிறதென்றால் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், ஹெட்ஃபோன் மட்டும் இப்போது வாங்கிக் கொடுங்கள். தேர்வு முடிந்ததும் மூன்று பாட்டு வீட்டிலேயே டெமோவாகச் செய்யட்டும். அதை அவருடைய நண்பர்கள் அல்லாத, இசை தெரிந்த இரண்டு பேரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் மறுபடி போடச் சொல்லிக் கேட்டால் ஸ்டூடியோ பேச்சை எடுக்கலாம். அப்போதும் ஆல்பம் வேண்டாம், ஒரே ஒரு பாட்டு, நல்ல மிக்ஸிங் என்ஜினியரோடு.